வெற்றியையும் தோல்வியையும் குவாட்டர்பேக்கின் கணக்கில் மட்டும் எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிக்கெட்டுக்கே இடம் போதாத விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்துச் செய்திகளுக்கும் தாங்கள் இடம் ஒதுக்கி வருவது, புதுச்சேரியில் அந்த ஆட்டத்தை விடாமல் பார்த்து வரும் என் போன்றவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்குத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறோம். அந்த நன்றியுணர்வோடுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன். எனினும், தலைசிறந்த குவாட்டர்பேக்குகள் யார் என்று அண்மையில் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எத்தனை கோப்பை வென்றார் என்ற ஒரே அளவுகோலை வைத்து அக்கட்டுரை வீரர்களை வரிசைப்படுத்தியிருந்தது. கோப்பை இல்லாதவர்களை அழுத்தத்தில் தளர்ந்துபோகிறவர்கள் என்றும் தீர்ப்பளித்திருந்தது. இந்த அளவுகோல் தவறானது என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் ஒரு நேரத்தில் 11 பேர் களத்தில் இருப்பார்கள். ஆனால் நம் ஊர்க் கால்பந்தைப் போல அதே 11 பேர் ஆட்டம் முழுவதும் ஆடுவதில்லை. பந்து தம் கையில் இருக்கும்போது ஒரு குழுவும், எதிரணியின் கையில் இருக்கும்போது வேறொரு குழுவும், பந்தை உதைக்கும் வேளைகளில் மூன்றாவதாக ஒரு குழுவும் இறங்கும். குவாட்டர்பேக் முதல் குழுவைச் சேர்ந்தவர். நான்கு வாய்ப்புகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டிய தாக்குதல் குழுவை வழிநடத்துபவர் அவரே. எதிரணியின் நிற்பைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவதும், பந்தை யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பதும் அவர் பொறுப்பு. பந்து எதிரணியிடம் போய்விட்டாலோ, அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களைப் போல வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஏறத்தாழ பாதி ஆட்டத்தில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள் எதிரணியினரை இரண்டரை விநாடியாவது நிறுத்தி வைக்காவிட்டால், மீதிப் பாதியிலும் அவரால் எதையும் செய்ய இயலாது.

இதற்குப் பெய்டன் மேனிங்கின் இரண்டு ஆண்டுகளைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 2013 ஆம் ஆண்டில் டென்வர் பிராங்கோஸ் அணிக்காக அவர் 55 டச் டவுன் பந்துகளை (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பதே டச் டவுன்) எறிந்தார்; 5,477 கஜங்கள் ஈட்டினார்; இரண்டுமே ஒரு பருவத்துக்கான சாதனைகள். அந்த அணி அப்பருவத்தில் 606 புள்ளிகள் குவித்தது, அதுவும் சாதனைதான். அத்தகைய அணி 2014 பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் சியாட்டில் சீஹாக்ஸிடம் 43-8 என்ற கணக்கில் நொறுங்கியது. தோல்வி எப்படித் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் முதல் நகர்விலேயே, தடுப்பாளர்களிடம் ஏதோ மாற்றம் சொல்வதற்காக மேனிங் முன்னோக்கி நடந்துகொண்டிருந்தபோது, அரங்கின் இரைச்சலில் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்ட நடுத்தடுப்பாளர் பந்தைப் பின்னால் செலுத்திவிட்டார். அது மேனிங்கின் தலையைத் தாண்டிப் பறந்து சொந்த எல்லைக்குள் போய் விழுந்தது. 12 விநாடிக்குள் எதிரணிக்கு 2 புள்ளிகள். அன்று மேனிங் எறிந்தவற்றில் 34 பந்துகள் தம் அணியினரின் கைக்கே சென்றன; அதுவரை எந்த இறுதி ஆட்டத்திலும் யாரும் அவ்வளவு பந்துகளைச் சேர்ப்பித்ததில்லை. ஆயினும் அந்த நாள் அவருடைய அவமானமாகவே எழுதப்பட்டது.

இனி 2015 ஆம் ஆண்டுக்கு வருவோம். 39 வயது மேனிங்குக்குக் கையில் பழைய வலு இல்லை. அந்தப் பருவத்தில் அவர் எறிந்த டச் டவுன்கள் 9. எதிரணியிடம் பறிகொடுத்த பந்துகள் 17. நடுவில் சில ஆட்டங்களில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மாற்று வீரரை இறக்கினார்கள். அவருடைய வாழ்நாளிலேயே மிக மோசமான பருவம் அதுதான். ஆனால் 2016 பிப்ரவரியில் கோப்பையைக் கையில் ஏந்தியவரும் அவரே. அந்த இறுதி ஆட்டத்தில் 23 முறை எறிந்து 13 பந்துகளைச் சேர்ப்பித்து அவர் ஈட்டியது வெறும் 141 கஜம். டென்வர் 24-10 என வென்றது. வென்றதற்குக் காரணம் வான் மில்லரும் அவருடைய தற்காப்புத் தோழர்களும். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வு பெற்ற கரோலினா அணியின் கேம் நியூட்டனை அவர்கள் ஆறு முறை தரையில் வீழ்த்தினார்கள். இரண்டு முறை மில்லர் பந்தை நியூட்டனின் கையிலிருந்தே தட்டிவிட்டார். முதல் முறை அது நேராக டச் டவுனாகவே முடிந்தது. ஆட்ட நாயகன் விருது மில்லருக்குக் கிடைத்தது நியாயமே. கோப்பையை எண்ணித் தரம் பிரிப்போமானால், 2015 மேனிங் 2013 மேனிங்கைவிடச் சிறந்தவர் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆட்டத்தைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

டாம் பிரேடியைப் பற்றி அக்கட்டுரை எழுதியிருந்ததில் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் தேர்வில், 2000 ஆம் ஆண்டு 199 ஆவது ஆளாக எடுக்கப்பட்டு ஏழு கோப்பைகளை வென்ற ஒருவரைக் குறைத்துப் பேச எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. ஆனால் அவர் வென்ற ஏழு ஆட்டங்களைச் சொல்கிறவர்கள், தோற்ற ஓர் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். 2018 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக அவர் 505 கஜங்கள் எறிந்தார். சூப்பர் பௌல் வரலாற்றில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. மூன்று டச் டவுன்கள் வேறு. அவருடைய நியூ இங்கிலாந்து அணி ஒருமுறைகூட முன்னேற வழியின்றிப் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வரவில்லை. ஆனாலும் நியூ இங்கிலாந்து 41-33 எனத் தோற்றது. ஏனெனில் ஈகிள்ஸ் அணியில் காயமடைந்த கார்சன் வென்ட்ஸுக்குப் பதிலாகக் குவாட்டர்பேக்காக இறங்கிய நிக் ஃபோல்ஸை அதன் தற்காப்பு அணியால் அன்று தடுக்கவே முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் ஈகிள்ஸின் பிராண்டன் கிரஹாம் உள்ளே புகுந்து பிரேடியின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்ட அந்த ஒரு நொடிதான் மறுநாள் எல்லாப் பக்கங்களிலும் படமாக வந்தது. 505 கஜம் எறிந்தவர் அன்று என்ன தவறு செய்தார்?

எங்கள் பக்கத்து வில்லியனூர்த் தேரோட்டத்தில் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கும் படம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. ஆனால் தேரை நிலை சேர்ப்பது வடத்தின் நீளம் முழுவதும் நிற்கும் ஊரார் என்பதை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்கக் கால்பந்துச் செய்தியிலும் வாசகர் அவ்வாறே புரிந்துகொள்ளுமாறு எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குவாட்டர்பேக் ஆளுநரைப் போல வடத்தைத் தொட்டுவிட்டு விலகுபவர் அல்லர், இறுதிவரை இழுப்பவர்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இழுப்பவர்களில் அவர் ஒருவர்.

டேன் மரினோ 1984 இல் 5,084 கஜங்களும் 48 டச் டவுன்களும் எறிந்தார். எதிரணித் தற்காப்பாளர்களுக்கு இன்றுள்ள கெடுபிடிகள் பல இல்லாத காலம் அது. அவர் ஒரே ஒரு முறை இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றார். கோப்பை இல்லாமலே ஓய்வு பெற்றார். அவர் தளர்ந்துபோகிறவர் என்றால், 2001 ஜனவரியில் பால்டிமோர் ரேவன்ஸுக்காகக் கோப்பை வென்ற ட்ரென்ட் டில்ஃபரை என்னவென்பது? அந்த அணியின் தற்காப்பு, 16 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் மொத்தமே 165 புள்ளிகளைத்தான் விட்டுக்கொடுத்தது. நிர்வாகத்துக்கே உண்மை தெரிந்திருந்தது. கோப்பை வென்ற கையோடு டில்ஃபரை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடிப் போனார்கள்.

கான்சாஸ் சிட்டி அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் விஷயத்திலும் அக்கட்டுரை அவசரப்பட்டுவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவர் இறுதி ஆட்டங்களில் பட்ட இரண்டு பெரிய தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே. 2021 பிப்ரவரியில் தம்பா பே அணியிடம் கான்சாஸ் சிட்டி 31-9 எனத் தோற்றபோது, இரு ஓரங்களிலும் அவரைக் காக்க வேண்டிய எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும் காயத்தால் ஆடவில்லை. ஆட்டம் முழுவதும் அவர் துரத்தப்பட்டார். கடைசிப் பகுதியில் கால்கள் தரையை விட்டுப் போய், உடல் தரைக்கு இணையாகக் கிடைமட்டமாக விழுந்துகொண்டிருக்கும் நிலையில் அவர் எறிந்த ஒரு பந்து, டச் டவுன் எல்லையில் நின்ற தம் அணி வீரரின் தலைக்கவசக் கம்பியில் நேராகப் பட்டுக் கீழே விழுந்தது. அதைவிடத் துல்லியமாக ஒரு மனிதரால் எறிய முடியுமா? புள்ளிவிவரத்தில் அது சேராத பந்து. 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸிடம் 40-22 எனத் தோற்றபோதும் அவர் ஆறு முறை வீழ்த்தப்பட்டார். அவரைத் துரத்த ஈகிள்ஸ் அணி கூடுதலாக ஆட்களை அனுப்பவேயில்லை, முன்வரிசையில் வழக்கமாக நிற்கும் நால்வரே போதுமானதாக இருந்தது. கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தங்கள் நாளிதழின் செய்தியிலோ அந்த நால்வரில் ஒருவர் பெயர்கூட இடம்பெறவில்லை.

எதிர்த்தரப்பிலும் வலுவான சான்றுகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணி 2010 இல் 10 ஆட்டங்களை வென்றது. கழுத்து அறுவை சிகிச்சையால் மேனிங் ஆடாத 2011 இல் 16 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது. தம்பா பே அணி 2019 இல் ஏழு வெற்றிகளோடு முடித்தது. அந்தப் பருவத்தில் அதன் குவாட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் எதிரணியிடம் பறிகொடுத்த பந்துகள் 30. அடுத்த ஆண்டு பிரேடி வந்தார், அந்த எண் 12 ஆகக் குறைந்தது, கோப்பையும் வந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. குவாட்டர்பேக்கின் மதிப்பு மிகப் பெரியது; அது அவர் எடுக்கும் முடிவுகளில், பந்தைப் பாதுகாப்பதில், ஒவ்வொரு நகர்விலும் தெரிகிறது. அதை நகர்வு நகர்வாகப் பார்த்து அளக்க வேண்டும். தம்பா பேயின் தற்காப்பு ஏற்கெனவே வலுவாக இருந்தது. பறிகொடுத்தல் நின்றவுடன் அந்த வலு வெளியே தெரிந்தது, அவ்வளவே.

நடுநிலையான ஒரு சான்றும் உண்டு. அதையே நான் அதிகம் நம்புகிறேன். 2007 இல் 16 ஆட்டங்களையும் வென்ற நியூ இங்கிலாந்து, 2008 இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடியை முழங்கால் காயத்துக்குப் பறிகொடுத்தது. கல்லூரிக் காலத்தில்கூடத் தொடக்கக் குவாட்டர்பேக்காக ஆடியிராத மேட் காசெல் பருவம் முழுவதையும் ஆடி முடித்தார். அணி 11 ஆட்டங்களை வென்றது. ஐந்து வெற்றிகள் குறைந்தன என்பது உண்மை. எதிரணிகளும் அதே எதிரணிகள் அல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் 11 வெற்றிகள் மிஞ்சின என்பதும் உண்மைதானே! இதற்கு ஈடான நிகழ்வைத் தமிழ் ரசிகர்கள் கபடியில் கண்டிருக்கிறார்கள். 2022 இல் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்துப் பவன் சேராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டுப் பருவம் முழுவதும் வெளியேறினார். எல்லாம் முடிந்தது என்று கடலூர்ப் பக்கக் கபடி ரசிகர்கள் பலரும் கையை விரித்தார்கள். நரேந்தரும் பிடி வீரர்களும் சேர்ந்து அந்த அணியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார்கள். பவன் இருந்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கலாம். ஆனால் அணி என்பது அவர் மட்டும் அல்ல என்று அன்று தெரிந்துகொண்ட ரசிகருக்கு, அமெரிக்கக் கால்பந்திலும் அதையே எடுத்துச் சொல்வது கடினமா என்ன?

கோப்பைக் கணக்கால் பெரிதும் பாதிக்கப்படுகிறவர்கள் இளம் வீரர்கள். இதுதான் என்னை மிகவும் வருத்துவது. 2002 இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி, தேர்வின் முதல் ஆளாக டேவிட் கார் என்ற இளைஞரை எடுத்தது. அவருக்கு முன்னால் நிறுத்த நல்ல தடுப்பாளர்கள் அந்த அணியில் இல்லை. அந்த ஒரே பருவத்தில் அவர் 76 முறை வீழ்த்தப்பட்டார். இன்றுவரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை, தொடவும் வேண்டாம். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் ஓடிவந்து மேலே விழுவதை 76 முறை தாங்கிய ஓர் இளைஞர், பந்தை எறியும் முன் எதிரணியை நோக்கி ஒரு கண்ணை வைக்கத் தொடங்கினால் அதைக் கோழைத்தனம் என்று யார் சொல்லலாம்? ஆனால் ‘தோற்றுப்போன முதல் தேர்வு’ என்ற முத்திரை அவர்மேல்தான் விழுந்தது.

சான் ஃபிரான்சிஸ்கோவின் அலெக்ஸ் ஸ்மித்தும் 2005 இன் முதல் தேர்வு. ஏறத்தாழ ஆண்டுக்கொரு தாக்குதல் பயிற்சியாளர், ஆண்டுக்கொரு புதிய திட்டம் என்று அலைக்கழிக்கப்பட்டார். 2010 இல் அந்த அணி ஆறு ஆட்டங்களைத்தான் வென்றது. ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்த 2011 இல் அதே ஸ்மித்தோடு 13 ஆட்டங்களை வென்றது. பருவம் முழுவதும் ஸ்மித் எதிரணியிடம் கொடுத்தவை ஐந்தே பந்துகள். இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி முன்னால், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் கூடுதல் நேரத்தில் 20-17 எனத் தோற்றார்கள். அன்று உதைபந்தை வாங்கித் திரும்ப ஓட வேண்டிய இளம் வீரர் இருமுறை பந்தைத் தவறவிட்டார். ஸ்மித் வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் நடந்தவை அவை. வெற்றி தோல்விப் பட்டியலில் அந்த ஆட்டம் யாருடைய பெயரில் ஏறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜோ பர்ரோவின் நிலையும் இதுதான். 2024 இல் 43 டச் டவுன்களும் 4,918 கஜங்களும் எறிந்து எல்லாரையும் முந்தினார். சின்சினாட்டி அணியோ 38 புள்ளிகள் எடுத்த ஆட்டங்களில்கூடத் தோற்று, ஒன்பது வெற்றிகளோடு அடுத்த சுற்றுக்குப் போகாமல் நின்றது. 2022 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் ஏழு முறை வீழ்த்தப்பட்ட அவர், கடைசி வாய்ப்பில் எதிரணித் தற்காப்பாளர் ஆரோன் டொனால்டின் பிடியில் சுழன்றபடியே எறிந்த பந்து யார் கையிலும் சேராமல் விழுந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

சம்பளத்தைச் சுட்டிக்காட்டி, இவ்வளவு வாங்குகிறவர் பொறுப்பேற்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2024 செப்டம்பரில் டல்லஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 6 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டில் ஓர் அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 25 கோடியே 54 லட்சம் டாலர்தான். குவாட்டர்பேக்குக்கு அவ்வளவு போய்விட்டால் 53 பேர் கொண்ட அணியில் மற்றவர்களுக்கு மிஞ்சுவது என்ன என்பதை நிர்வாகம்தான் கணக்கிட வேண்டும். தடுப்பாளர்களை விலைக்கு வாங்க முடியாத நிலை ஏற்பட்டால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர், அந்தத் தடுப்பாளர்கள் இல்லாமல் அடி வாங்குகிறவர் அல்லர்.

ஆகவே, விளையாட்டுப் பக்க ஆசிரியர் குழுவுக்கு என் பணிவான வேண்டுகோள் இது. ஆட்ட முடிவை வெளியிடும்போது குவாட்டர்பேக் எறிந்த கஜங்களோடு, அவர் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார், இரு அணிகளும் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தன, தற்காப்பு எத்தனை புள்ளிகளை விட்டுக்கொடுத்தது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். நான்கு வரி கூடுதலாகாது. முன்வரிசைத் தடுப்பாளர்களில் ஒருவர் பெயரையாவது செய்தியில் எழுதுங்கள். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு கொடிக் கால்பந்தையும் சேர்த்திருக்கிறது. இடுப்பில் கட்டிய கொடியை இழுத்து ஆட்டக்காரரை நிறுத்தும், அணிக்கு ஐந்து பேர் ஆடும் அந்த வடிவத்தில் மோதித் தடுப்பதற்கே இடமில்லை. அதனால் அங்கே குவாட்டர்பேக்கின் வேலை நான் மேலே சொன்னதிலிருந்து வேறுபடும். எறிபவருக்கும் ஓடிப் பிடிப்பவர்களுக்கும் இடையிலான புரிதலே ஆட்டத்தைத் தீர்மானிக்கும். அந்தப் போட்டிகள் தொடங்குவதற்குள், இந்த ஆட்டத்தில் எவர் பொறுப்பு எதுவரை என்று விளக்கும் ஒரு தொடரைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.